அனுபவம்: தியாடா

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. மலேசியாவில், எங்கள் தமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில் டியூஷன் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் படிவம் முடித்து எட்டு மாதமாகியும் வேலை அமையாத தம்பி ஒருவன் பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் பாத்துக் குடுங்க. திங்கக்கிழம ஈப்போவுல இண்டர்வியூ."

ஒரே ஒரு தாள். பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், முகவரி, ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு. அதற்குக் கீழே மலாயில் 'பெங்காலாமான்: தியாடா' என்று தட்டச்சு செய்திருந்தான். அனுபவம்: இல்லை.

என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. இந்தப் பையனைப் பதினான்கு வயதிலிருந்து எனக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சாமான் வாங்கிப் போடுவது இவன்தான். நாற்காலியை விட்டுவிட்டு அவனை உட்கார வைத்தேன்.

"800 பேருக்கு எவ்வளவு அரிசிடா எடுப்ப?"

"எண்பது கிலோக்கா. பத்துப் பேருக்கு ஒரு கிலோ. ஆனா போன வருஷம் காலையிலயே மழை பிடிச்சுக்கிச்சு. கூட்டம் கொறையும்னு தெரிஞ்சுச்சு, அதனால எழுபதுதான் எடுத்தேன். மிச்சத்த கடையிலயே தனியா எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். பத்தலன்னா மோட்டார்ல ஆள் அனுப்புறேன்னு."

"கடைக்காரர் ஒத்துக்கிட்டாரா?"

"மூணு வருஷமா அவர்கிட்டதான வாங்குறோம். காசு ஒரு நாள்கூட நிப்பாட்டினதில்ல. அதனால ஒன்னும் சொல்லல."

"சரி, இதையெல்லாம் ஏன் எழுதல?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அது சும்மா கோயில் வேலதானக்கா."

அந்த 'சும்மா'வைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காசு வாங்காமல் செய்தது என்பது ஒன்று. மதிப்பில்லாதது என்பது இன்னொன்று. முதல் பொருளில் செய்த வேலையை நம் பிள்ளைகள் இரண்டாவது பொருளில் புரிந்துகொள்கிறார்கள். மூன்று வருடம் கொள்முதல் பார்த்தவன், வானத்தைப் பார்த்துக் கணக்கை மாற்றியவன், கடைக்காரரிடம் நாணயத்தைச் சம்பாதித்து வைத்தவன், தன் கையாலேயே 'இல்லை' என்று தட்டச்சு செய்கிறான். அன்று இரவு வீட்டுக்குப் போய் எனக்குத் தூக்கமே வரவில்லை. 19 வயதில் நானும் அதையேதான் செய்தேன்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஐந்து கட்டை (மைல்) உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரம் வந்தால் எங்கள் பட்டணம். அப்பா அம்மா இருவருக்கும் பால்வெட்டு. விடியும் முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்விடுவார்கள். தம்பியை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது என் வேலை. அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் காலியானது. ஒவ்வொரு குடும்பமாகப் பட்டணத்தோரத் தமான்களுக்கு வந்து சேர்ந்தோம். அம்மன் மட்டும் அதே இடத்தில், செம்பனைக்கு நடுவே இருக்கிறாள். திருவிழா என்றால் எல்லோரும் அங்கேதான் திரும்பிப் போகிறோம்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது அந்தக் கோயிலின் பொருளாளர், தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் கிராணித் தாத்தா. கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரியவில்லை என்று, கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பிள்ளையைக் கேட்டார். அம்மா என்னை அனுப்பினார்.

தாத்தா என் கையில் கொடுத்தது ஒரு 555 புத்தகம். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும், அட்டையில் 555 என்று போட்டிருக்கும், மளிகைக் கடையில் கடன் எழுத வைத்திருப்பார்கள். 'பூக்கு தீகா லீமா' என்றால் கடன் புத்தகம் என்றே அர்த்தமாகிவிட்டது. தாத்தா அதைக் கணக்குப் புத்தகமாக்கினார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதல் நாள் அவர் சொன்னது இதுதான்: "காசு கைக்கு வந்தா மொதல்ல எழுது. அப்புறம் டின்னுல போடு. டின்னுல போட்டுட்டு எழுதலாம்னு நெனைக்காத."

அந்த ஆண்டுத் திருவிழாவின் இரண்டாம் நாள் இரவு டின்னில் 12 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு குறைந்தது. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. உறுமி மேளக்காரர்கள் பந்தலுக்கு வெளியே படுத்துத் தூங்கிவிட்டார்கள். நான் மூன்று முறை கூட்டினேன். அதே 12.50. பயத்தில், "தாத்தா, எங்கிட்ட பத்து வெள்ளி இருக்கு, அம்மாகிட்ட மிச்சத்த வாங்கிப் போட்டுடுறேன்" என்றேன்.

தாத்தா தலையை ஆட்டினார். "நீ காசு போட்டா கணக்கு சரியாயிடும். தப்பு அப்படியே கெடக்கும்."

அப்புறம் ஒவ்வொரு செலவாகச் சொல்லச் சொன்னார். யார் போனது, எந்தக் கடை, என்ன வாங்கினது, ரசீது எங்கே. பூ, எலுமிச்சம்பழம், தேங்காய் என்று வந்து, கற்பூரத்தில் நின்றது. சாயங்காலம் கற்பூரம் தீர்ந்துபோய் ஓர் அண்ணன் அவசரமாகப் பட்டணத்துக்கு ஓடி வாங்கி வந்தார். ரசீதைத் தேங்காய்ச் சாக்கில் போட்டுவிட்டுக் காவடி பார்க்கப் போய்விட்டார். டார்ச் விளக்கு அடித்துச் சாக்கைக் கவிழ்த்தோம். நனைந்து சுருண்டு கிடந்தது. சரியாக 12.50. மணி ஒன்றாகியிருந்தது. தாத்தா அந்த ரசீதைத் துணியில் ஒற்றிப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினார்.

தாத்தா இதையெல்லாம் எங்கே கற்றார் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்ன பதில் எங்கள் ஊரின் வரலாறும்கூட. மலாயா சுதந்திரம் அடைந்ததையொட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்து, இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். தாத்தாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேலை முடிந்து சாயங்காலம் லயம் லயமாக நடந்து, அந்தப் பணத்தை வாங்கி எழுதியவர்களில் அவரும் ஒருவர். "பால்வெட்டுக்காரன் குடுக்குற பத்து வெள்ளி என்னன்னு எனக்குத் தெரியும். அது தப்புனா நான் அந்த லயத்துப் பக்கம் எப்படிப் போறது?" என்றார். அவருக்கும் அதற்குச் சம்பளம் கிடையாது.

2003ல் ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளர் வேலைக்குப் போனேன். விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மலாய் அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டோரில் எண்ணிப் பார்க்கும்போது சரக்கு குறைந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். என் மலாய் அன்றைக்கு அவ்வளவு சரளமில்லை. ஆனால் பதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கற்பூர ரசீதுக் கதையைச் சொன்னேன். கற்பூரத்துக்கு மலாயில் என்ன சொல்வது என்று தெரியாமல், கோயிலில் ஏற்றுகிற வெள்ளைக் கட்டி என்று கையால் காட்டினேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு, "இதை ஏன் நீ எழுதவில்லை?" என்றார்.

இன்றைக்கு நான் அதே துறையில் கொள்முதல் திட்டமிடும் பிரிவில் இருக்கிறேன். வருடத்துக்கு எத்தனையோ முறை ஸ்டோர் கணக்கு இடிக்கும். எண்ணைத் திருத்திச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்குத் தேங்காய்ச் சாக்கு ஞாபகம் வரும்.

கணக்கைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

கோயில் ஊர்வலம் ஒன்று ரோட்டுக்கு வர வேண்டுமானால் சும்மா தேரை இழுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. போலீஸ் நிலையத்துக்கு ஒரு கடிதம், நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம், பந்தலுக்குத் தனி மின்சாரம் வேண்டுமென்றால் அதற்கொன்று, திடலைக் கேட்டு ஒன்று. எல்லாம் மலாயில், அதிகாரபூர்வ வடிவத்தில். அந்த வடிவத்தைப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். பொருள் வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். முதல் பத்திக்கு எண் கிடையாது, அடுத்த பத்தியிலிருந்து 2 என்று தொடங்க வேண்டும். தேர்வில் இதற்கு மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, உண்மையான கடிதம் ஒன்றை உண்மையான கவுண்டரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் நான்காம் படிவத்தில் படித்த ஒரு பெண்பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தோம். முதல் கடிதத்தில் ஊர்வலம் எந்தப் பாதையில் போகும் என்பதையே எழுதவில்லை. கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதில் பாதை இருந்தது, நேரம் இல்லை. அழுதுகொண்டே வந்து, "வேற யாரையாவது எழுதச் சொல்லுங்கக்கா" என்றாள். நான் எழுதித் தரவில்லை. கூட உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "நீ அந்தப் போலீஸ்காரரா இருந்தா, இந்தக் கடுதாசிய படிச்சிட்டு வேற என்னென்ன கேப்ப?" அவள் கேள்விகளை ஒரு தாளில் எழுதினாள். பதினொன்று வந்தது. எத்தனை பேர், எத்தனை மணிக்கு எந்த முனை, லோரி எத்தனை, போக்குவரத்தைப் பார்க்க நம் ஆட்கள் எத்தனை பேர், ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிற்கும், பொறுப்பாளரின் கைப்பேசி எண் என்ன... மூன்றாவது கடிதம் ஒரு பக்கம், அதோடு பாதை வரைந்த ஒரு இணைப்பு. கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், நம்முடைய பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு சாப் (முத்திரை) குத்தி வாங்க வேண்டும் என்பதையும் அன்றுதான் அவள் கற்றாள். அந்தச் சாப் குத்திய பிரதியை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். இப்போது தைப்பிங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. சேர்ந்த முதல் வாரமே, பத்திரம் எதையாவது ஒப்படைக்கப் போனால் சாப் வாங்காமல் வராதவள் என்று பெயர் எடுத்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

படித்தவர்கள் சும்மா வந்து பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மேலே வந்தார்கள். 1982ல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுக்க வகுப்பு நடத்தியதே, அதில் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். அங்கே படித்தவர்களே பிறகு திரும்பி வந்து பாடம் சொன்னார்கள். எங்கள் பாலாய் ராயா வகுப்பு சின்னது, முப்பது பிள்ளைகள். ஆனால் வழி அதேதான். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்றால் அதைச் சொல்லிக் கொடுப்பது நான்காம் படிவ மாணவன். ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்ல வேண்டிவரும், கோபம் வரும், அடக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் புரிந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும். தொழிற்சாலையில் புது ஆளுக்கு வேலை பழக்கும்போது இது மொத்தமும் வேண்டும்.

ஆனால் எங்கள் பிள்ளைகளை ஒரேயடியாகப் பெரியவர்களாக்கியது கோவிட் முடக்கம் இருந்த 2021தான். அந்த ஜூலையில் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் உதவி வேண்டும் என்று பொருள். நாடெங்கும் 'பெண்டேரா பூத்தே', வெள்ளைக் கொடி. எங்கள் தமானில் முதலில் தொங்கியது ஒரு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. பள்ளி மூடிக் கிடந்தது, சட்டைக்கு வேறு வேலை இல்லை.

பெரியவர்கள் வெளியே வரப் பயந்த நேரம். போலீஸ் அனுமதி வாங்கிக்கொண்டு ஒன்பது இளைஞர்கள் பொறுப்பெடுத்தார்கள். முதல் வாரம் எல்லாப் பைகளும் ஒரே மாதிரி: ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், சாடின் மீன் டின், மாவு, முட்டை. இரண்டாம் வாரம், ஃபோனில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி பட்டியலை மாற்ற வேண்டும் என்றாள். தனியாக இருக்கும் ஒரு தாத்தாவுக்கு அரிசி போயிருக்கிறது, அவர் வீட்டில் கேஸ் தீர்ந்து நான்கு நாளாகிறது. "நம்ம யாருமே கேஸ் இருக்கான்னு கேக்கலக்கா." அன்றிலிருந்து கேள்விகள் கூடின. கேஸ் இருக்கிறதா, கைக்குழந்தை இருக்கிறதா, பால்மாவு எந்த வயதுக்கு உள்ளது, மருந்து தீர்கிறதா. அதோடு, எதையும் எப்படிக் கேட்பது என்பதையும் அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "என்ன இல்ல?" என்று கேட்டால் நம் ஆட்கள் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "நாங்க கடைக்குப் போறோம், உங்களுக்கு என்ன சேத்து வாங்கணும்?" என்று கேட்டால் சொல்வார்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் இன்று ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாடிக்கையாளர் பிரிவில் இருக்கிறாள். நேர்முகத்தில் இந்தக் கேஸ் கதையைத்தான் சொன்னாள்.

கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொண்டு என்ற பெயரில் பிள்ளைகளை ஏய்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை, நுழைவுச்சீட்டு விற்று நடத்திய ஒரு கலைநிகழ்ச்சிக்குத் 'தொண்டர்கள்' வேண்டும் என்று எங்களிடம் இருபது பேரைக் கேட்டார்கள். பிள்ளைகள் ஆசையாகப் போனார்கள். காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒரு மணிவரை நாற்காலி தூக்கி, குப்பை கூட்டி, வாசலில் நின்று, கடைசியில் மேடையில் ஒரு படம். இரவு திரும்ப வண்டிகூட ஏற்பாடு செய்யவில்லை. நான்கு கார்களில் பெற்றோர்கள் போய் ஏற்றி வந்தோம். அன்று ஏற்பாட்டாளர்களிடம் நான் குரலை உயர்த்திப் பேசினேன். அதற்கு இன்றைக்கும் வருந்தவில்லை. வேறொருவர் லாபத்துக்குச் செய்தால் அது வேலை, அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

நம் சொந்தக் கோயில்களையும் சங்கங்களையும் பற்றியும் எனக்குக் குறை உண்டு. பதினைந்து வயதில் நாற்காலி தூக்கியவனை இருபத்தைந்து வயதிலும் நாற்காலி தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள். பொருளாளர் புத்தகம் ஒருவர் கையிலேயே இருபது வருடம் இருக்கிறது. 2019ல் நாடாளுமன்றம் இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டத்தைத் திருத்தி, இளைஞர் என்பதன் உச்ச வயதை 40லிருந்து 30 ஆக்கியது. அதற்கு எங்கள் பக்கத்தில் எழுந்த முணுமுணுப்பை நான் கேட்டேன். அனுபவசாலிகளை ஒதுக்குகிறார்களாம். கிராணித் தாத்தாவைப் பதவியை விட்டு யாரும் ஒதுக்கவில்லை. அவரே பதினாறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிள்ளைகள் தூக்கட்டும், கூட்டட்டும், பரிமாறட்டும். ஆனால் இரண்டாம் வருடம் கணக்கோ, கடிதமோ, கொள்முதலோ ஏதாவது ஒன்று அவர்கள் பொறுப்பில் வர வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவதிகாரிக்குக் கணக்கு போக வேண்டும். அந்த ஒரு வேலையை முழுதாகச் செய்து பார்த்த பிள்ளைக்குக் கெடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தடை, வீடு. "பொம்பளப் புள்ளைக்கு ராத்திரியில என்ன வேல?" அந்தப் பயம் நியாயமானது. அதை வாதாடி மாற்ற முடியாது. எங்கள் வகுப்பில் ஒரே ஒரு விதிதான் அதை மாற்றியது: ஒன்பது மணிக்கு மேல் போனால் யார் காரில் யார் போகிறார்கள் என்று முன்பே எழுதி, அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் போய்விடும். அதன்பிறகு வந்த பெண்பிள்ளைகள் இரட்டிப்பானார்கள்.

காகிதம் பற்றியும் கொஞ்சம். பலருக்கு இது தெரிவதே இல்லை. எஸ்.பி.எம். முடித்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், சாரணர் என்று சீருடை இயக்கத்தில் பதவியும் வருகையும் எந்த நிலைவரை போனாய் என்பதும் அங்கே எண்ணப்படும். அந்தப் பத்துக்காக மட்டும் போவதை நான் விரும்புவதில்லை. ஆனால் பாலாய் ராயாத் தரையில் பொம்மையின் நெஞ்சில் கை வைத்து, நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது என்ற வேகத்தில் முப்பது அழுத்து, இரண்டு மூச்சு என்று பழகும் ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். முதல் பத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். இருபதைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. மூன்றாம் சுற்றில் சத்தமாகத் தமிழில் எண்ண ஆரம்பித்தான், சுற்றி நின்றவர்களும் கூட எண்ணினார்கள். மருத்துவ உதவியாளர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன் என்று அவன் சொன்னது அடுத்த வாரம்.

தேர்ச்சி குறைவாக உள்ளவர்களுக்கும் வழி உண்டு. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பயிற்சிக் கூடத்தில் படித்து வாங்கலாம். ஏற்கெனவே கைப்பழக்கம் உள்ளவர்கள் அனுபவத்துக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகவும் முடியும்; பி.பி.டி. என்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரம் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் பிள்ளைகளிடம் சொல்கிறேன், நன்றி என்று மட்டும் போட்ட நற்சான்றிதழ் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பொறுப்பு, எத்தனை பேருக்கு என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ரசீது, படம், பட்டியல், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு பாலாய் ராயாவில் விளக்கை அணைக்கப் பத்தரை மணியானது. 'தியாடா' என்ற சொல்லை அழித்தோம். நான் எழுதித் தரவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன், அவன் எழுதினான். மூன்று ஆண்டுகள் ஆலயத் திருவிழாவில் 800 பேருக்கான உணவுப் பொருள் கொள்முதல். கடைகளோடு விலை பேசுதல். மழை, கூட்டம் பார்த்து அளவை மாற்றுதல். நான்கு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. எழுதி முடித்து வாய்விட்டுப் படித்தான். "இது நானாக்கா?" என்று கேட்டான். அந்த முகத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது.

வேலை கிடைத்தது. மளிகைப் பொருள் மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில், ஆறு மாதத் தகுதிகாண் காலம்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டம் இருந்தது. அவனுக்கு இனிச் சனிக்கிழமையும் வேலை, சாமான் வாங்க அவனால் வர முடியாது. கூட்டத்தின் பின்வரிசையில் இரண்டாம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். அவள் மடியில் புது 555 புத்தகம். "மொதல்ல எழுது பாப்பா, அப்புறம் டின்னுல போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இதை முதலில் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது. கிராணித் தாத்தா இறந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை.